தேவகோட்டை – ராமேஸ்வரம், காரில் ஒரே நாளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூட லீவு விட்டதும் எங்கள் சொந்தக்காரர்கள் யாராவது ஒருவர் போன் போட்டு, "ராமேஸ்வரம் போய்ட்டு அன்னைக்கே வந்துரலாமா?" என்று கேட்பார்கள். தேவகோட்டையிலிருந்து இந்தப் பாதையில் பல தடவை போய்வந்தவன் என்பதால் எனக்குத்தான் அந்தப் போன் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, கேள்விகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். காரைக்குடியிலிருந்து கிளம்புகிறவர்கள் அரை மணி நேரம் கூட்டிக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

ஒரே நாளில் போய்வர முடியுமா, ரூம் போட்டே ஆக வேண்டுமா?

முடியும். ஒரு வழிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை போனால் இன்னும் 20 கிலோமீட்டர். போகவர எல்லாம் சேர்த்து 280 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும், அது ஒரு டிரைவர் ஒரு நாளில் தாங்கக்கூடிய தூரம்தான்.

தூரத்தைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள்தான் இந்தப் பயணத்தில் ஏமாந்து போகிறார்கள். இங்கே நாளைத் தீர்மானிப்பவை இரண்டு கதவுகள். ஒன்று, ராமநாதசுவாமி கோயில் நடை. மதியம் 1 மணிக்குச் சாத்தினால் 3 மணிக்குத்தான் மறுபடி திறக்கும். இன்னொன்று தனுஷ்கோடி. மாலை 5 மணிக்கு மேல் உள்ளே வண்டி விடமாட்டார்கள், உள்ளே போனவர்களும் 6 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். இந்த இரண்டு நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அங்கேயிருந்து பின்னோக்கி எண்ணி வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். "காலையில எழுந்து குளிச்சு சாப்பிட்டுக் கிளம்புவோம்" என்று ஆரம்பித்தால் இரண்டில் ஒன்று கண்டிப்பாகக் கைவிட்டுப் போகும்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

விடியற்காலை நாலரை. ஐந்து என்றால் கூடச் சரி, ஆறு என்றால் வேண்டாம்.

நாலரைக்குக் கிளம்பினால் ஆறு மணி சுமாருக்கு ராமநாதபுரம், ஒரு டீ, அப்புறம் ஏழு மணியை ஒட்டிப் பாம்பன் பாலம், ஏழேகாலுக்கு ராமேஸ்வரம். பாம்பன் பாலத்தில் அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது, வெயிலும் முகத்தில் அடிக்கத் தொடங்கியிருக்காது. சனி, ஞாயிறு பத்து மணிக்கு மேல் அதே பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்தால் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும்.

குழந்தைகளை முதல் நாள் இரவே சீக்கிரம் தூங்க வையுங்கள், உடைகளைப் பையில் எடுத்து வைத்துவிடுங்கள், பெட்ரோலும் டயர் காற்றும் முதல் நாள் சாயந்தரமே பார்த்துவிடுங்கள். விடியற்காலையில் செய்ய வேண்டியது பல் தேய்த்து வண்டியில் ஏறுவது மட்டும்தான் என்ற நிலை இருந்தால்தான் நாலரை மணி நடக்கும்.

எந்த வழி?

திருச்சி – ராமேஸ்வரம் தேசிய நெடுஞ்சாலை நம் ஊரை ஒட்டித்தான் போகிறது. சி.கே.மங்கலம், ஆர்.எஸ்.மங்கலம், தேவிபட்டினம் பக்கம், ராமநாதபுரம். அங்கே மதுரையிலிருந்து வரும் சாலையில் சேர்ந்து உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம். வழி தவற வாய்ப்பே இல்லை.

நான்கு வழிச்சாலையை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். எதிரே லாரி வரும், பஸ் வரும், ஊருக்குள் வேகத்தடை வரும், சில இடங்களில் பெயின்ட் அழிந்த வேகத்தடையும் வரும். விடியற்காலை இருட்டில் ஹெட்லைட் வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற சைக்கிள்காரர்கள் இருப்பார்கள். மாலையில் ஆட்டு மந்தை சாலையைக் கடக்கும். முதல் ஆடு கடந்துவிட்டது என்று ஹாரன் அடித்துக்கொண்டு நுழையாதீர்கள், மொத்த மந்தையும் அதன் பின்னால் ஓடி வரும், மேய்க்கிறவர் கையைக் காட்டும் வரை நிறுத்தி வைப்பதுதான் நல்லது. 70, 80 வேகத்தில் சீராகப் போனால் போதும்.

வழியில் பார்க்க என்ன இருக்கிறது? வெறும் கருவேலங்காடுதானே?

இந்தக் கேள்வியை நம் ஊர்க்காரர்களே கேட்பதுதான் எனக்கு வருத்தம். சீமைக் கருவேலம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைத் தாண்டிக் கண்ணை விட்டுப் பாருங்கள்.

ஆர்.எஸ்.மங்கலம் என்று சுருக்கிச் சொல்கிறோமே, அது ராஜசிங்கமங்கலம். அங்கே இருக்கும் பெரிய கண்மாய்க்கு "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்று பெயர். ஒரு நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலம், தண்ணீர் திறந்துவிட நாற்பத்தெட்டு மடைகள். மழை நன்றாகப் பெய்த வருடம் தை மாதத்தில் அதன் கரையில் நின்று பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்று ஒத்துக்கொள்வீர்கள். வறண்ட மாவட்டம் என்று எல்லோரும் சொல்கிற இடத்தில் மழைத் தண்ணீரை நிறுத்தி வைக்க நம் முன்னோர்கள் எவ்வளவு பெரிய வேலை செய்து வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துவது வீண் இல்லை.

மாசி, பங்குனியில் போனால் இன்னொரு காட்சி. சாலை ஓரத்திலும் களத்திலும் முண்டு மிளகாய் காயப்போட்டிருப்பார்கள். நீள மிளகாய் அல்ல, குண்டாக, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், தோல் தடிமன், கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும். கார் கண்ணாடியை இறக்கினால் அந்த நெடி மூக்கில் ஏறும், ஒரு தும்மலாவது வரும். இந்த ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திரும்பி வரும்போது விவசாயியிடமே ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள், வத்தக்குழம்புக்கு அதுதான். காயப்போட்ட மிளகாய் மேல் டயர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்பூர், தேவிபட்டினம் எல்லாம் முடித்துவிட்டுப் போக வேண்டுமா?

பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். முதலில் உப்பூர் வெயிலுகந்த விநாயகர், அடுத்து தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாண நவக்கிரகம், அதன் பிறகு ராமேஸ்வரம் என்பது பழைய முறை. ராமரே அந்த வரிசையில்தான் வழிபட்டுப் போனார் என்பது நம்பிக்கை.

முறைப்படி செய்ய ஆசைப்பட்டால் திருவாடானை, தொண்டி போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி உப்பூர், தேவிபட்டினம் என்று வரலாம். கூடுதலாக இரண்டு மணி நேரமாவது ஆகும். அப்படியானால் அன்றைக்குத் தனுஷ்கோடியை விட்டுவிடுங்கள். ஒரே நாளில் இந்த மூன்று கோயிலும் தனுஷ்கோடியும் என்று போனால் எல்லா இடத்திலும் "சீக்கிரம் சீக்கிரம்" என்று விரட்டிக்கொண்டேதான் இருப்பீர்கள்.

கோயில் முதலிலா, தனுஷ்கோடி முதலிலா?

22 தீர்த்தம் ஆடப் போகிறீர்களா என்பதைப் பொறுத்தது.

தீர்த்தம் ஆடுவதாக இருந்தால் கோயில்தான் முதலில். அக்னி தீர்த்தக் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு உள்ளே போய் ஒவ்வொரு கிணறாக வாளித் தண்ணீர் வாங்கி, உடை மாற்றி, தரிசனம் முடித்து வெளியே வர, கூட்டம் இல்லாத நாளிலேயே மூன்று மணி நேரம் ஆகும். பெரும்பாலும் வெறும் வயிற்றில்தான் ஆடுவார்கள் என்பதால் அதைத் தள்ளிப்போடவும் முடியாது. பத்தரை, பதினொன்றுக்கு வெளியே வந்து சாப்பிட்டு, ஒரு மணி நேரமாவது நிழலில் இருந்துவிட்டு, இரண்டு மணிக்குத் தனுஷ்கோடி. நாலரைக்கு அங்கிருந்து திரும்பினால் இரவு எட்டரைக்குள் வீடு.

தீர்த்தம் இல்லை, சாமி மட்டும் கும்பிட்டால் போதும் என்றால் நான் தனுஷ்கோடியை முதலில் வைப்பேன். காலை எட்டு மணிக்கு அரிச்சல்முனையில் நிற்பது ஒரு அனுபவம். மணல் கால் சுடாது, காற்று இதமாக இருக்கும், நூறு பேர் செல்ஃபி எடுக்கும் கூட்டம் இருக்காது. ஒன்பதரைக்குள் ஊருக்குள் வந்து கோயிலுக்குப் போனால் ஒரு மணிக்கு முன்னால் தரிசனம் முடிந்துவிடும். சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்குக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே வீட்டுக்கு வந்துவிடலாம். வயதானவர்களோடு போகும்போது இதைத்தான் செய்கிறேன்.

தனுஷ்கோடிக்கு நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தால் விடுவார்கள் இல்லையா?

அந்தக் கணக்குப் போடாதீர்கள். அந்தக் கணக்குப் போட்டு ஒரு தடவை நாங்கள் பட்டது இன்னும் மனதில் இருக்கிறது.

என் அத்தையின் அப்பா அந்தக் காலத்தில் இலங்கைக்குப் பிழைக்கப் போனவர். அப்போது தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கித் தலைமன்னார் கப்பல் ஏறுவார்கள். அவர் கப்பல் ஏறிய இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது அத்தைக்கு வெகுநாள் ஆசை. கோயிலில் நேரமாகிவிட்டது, சாப்பாட்டில் நேரமாகிவிட்டது, கடையில் சங்கு பார்த்ததில் இன்னும் கொஞ்சம், கடைசியில் நாங்கள் தடுப்பு போட்ட இடத்துக்கு வந்தபோது மணி ஐந்தேகால். பணியில் இருந்த காவலர் மரியாதையாகத்தான் சொன்னார், "இனிமே விட முடியாதும்மா, இருட்டிரும்." அத்தை எதுவும் பேசவில்லை. கார் கதவைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் மின்ன நேராகப் போகிற அந்தச் சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை மறுபடி கூட்டிப்போய்க் காட்ட இரண்டு வருடம் ஆனது.

மூன்றரைக்குள் உள்ளே நுழைந்துவிடும்படி திட்டம் போடுங்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை மட்டுமே ஒன்பதரை கிலோமீட்டர், இடிந்த தேவாலயத்தையும் ரயில்வே கட்டடங்களையும் பார்க்க நின்றால் ஒரு மணி நேரம் தெரியாமல் போய்விடும். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்த புயலில் ஊரே போனது, பயணிகளோடு வந்த ரயிலையும் கடல் கொண்டுபோனது. அந்தச் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு உடனே ஓடி வருவது எனக்கு மனசு ஒப்பாத விஷயம். அங்கே இப்போதும் குடிசை போட்டு மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களிடம் மீன் வறுவலோ சோவியோ வாங்கினால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

அங்கே கடலில் குளிக்கலாமா?

அரிச்சல்முனையில் கூடாது. இடது கைப்பக்கம் இருப்பதை ஊர்க்காரர்கள் பெண் கடல் என்பார்கள், குளம் மாதிரி அமைதி. வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண் கடல், அலை எழும்பி அடிக்கும். முனையில் இரண்டும் சேர்கிற இடத்தில் காலுக்குக் கீழே மணல் நழுவி ஓடுவது முழங்கால் ஆழத்திலேயே தெரியும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். குளிக்க ஆசையென்றால் அக்னி தீர்த்தக் கரை இருக்கிறது.

இன்னொன்று, தார்ச்சாலையை விட்டு மணலில் காரை இறக்காதீர்கள். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், கீழே பொதபொதவென்று இருக்கும். டயர் பாதி புதைந்துவிட்டால் ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். ஆனி, ஆடிக் காற்றில் சாலை மேலேயே மணல் வந்து படிந்திருக்கும், அந்த மாதங்களில் மெதுவாகப் போங்கள்.

பாம்பன் பாலத்தில் நிறுத்திப் பார்க்கலாமா?

கூடாது, பாலத்தின் மேல் வண்டி நிறுத்தத் தடை. ஆனாலும் நிறுத்துகிறார்கள், அதனால்தான் பாதி நெரிசல். பாலத்துக்கு முன்போ பின்போ ஓரமாக நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நடந்து போய்ப் பாருங்கள்.

நீங்கள் நிற்கும் சாலைப் பாலம் 1988-இல் திறந்தது, இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதற்கு முன்னால் தீவுக்குப் போக ரயிலை விட்டால் படகுதான். பக்கத்தில் தெரியும் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளம், அப்படியே மேலே தூக்கப்படும். 1914-இல் கட்டிய பழைய பாலத்தில் நடுப்பகுதி கத்தரிக்கோல் மாதிரி இரண்டாகப் பிரிந்து திறந்துகொண்டிருந்தது.

பைக்கில் வருகிறவர்களுக்கு: ஆனியிலிருந்து ஆவணி வரை பாலத்தின் மேல் பக்கவாட்டுக் காற்று பலமாக இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் 30 வேகத்துக்கு மேல் வேண்டாம்.

கோயிலுக்கு என்ன எடுத்துப்போக வேண்டும்?

தீர்த்தமாடுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு செட் மாற்றுடை, துண்டு, ஈரத்துணி போட கெட்டியான பை. நனையப்போகும் உடை பழைய பருத்தித் துணியாக, அடர் நிறமாக இருக்கட்டும். ஜீன்ஸ் போட்டு நனைந்தால் அதன் கனத்தோடு 22 கிணறும் நடக்க வேண்டும். தரை முழுக்க ஈரம், பாட்டி தாத்தாவைக் கையைப் பிடித்தே கூட்டிப்போங்கள். ஈர உடையோடு மூலவர் சன்னதிக்கு விடமாட்டார்கள். செல்போனும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, காரிலேயே வைத்துவிட்டால் ஒரு வரிசை மிச்சம். அதனால் எல்லோரும் எங்கே கூட வேண்டும் என்று உள்ளே போகும் முன்பே பேசி வையுங்கள்.

மூன்றாம் பிரகாரத்தில் அவசரப்படாதீர்கள். 1212 தூண்கள். நடுவில் நின்று நேராகப் பார்த்தால் தூண்கள் சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியில் போய் முடியும். இந்தக் கோயில் திருப்பணியில் நம் தேவகோட்டை நகரத்தார் குடும்பத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ரதவீதிக்குள் கார் போகாது. கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடக்கலாம், முடியாதவர்களுக்கு ஆட்டோ இருக்கிறது.

சாப்பாடு?

காலைக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவதுதான் என் வழக்கம். புளியோதரை, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல் அல்லது பருப்புத் துவையல். முதல் நாள் இரவே கிளறி, வாழை இலையை வாட்டி அதில் வைத்து மடித்துக் கட்டினால், காலையில் பிரிக்கும்போது இலை வாசமும் புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்து வருகிற அந்த மணத்துக்கு எந்த ஹோட்டலும் ஈடில்லை. மதியம் கோயிலைச் சுற்றிச் சைவ ஹோட்டல்கள் நிறைய. மீன் வேண்டும் என்றால் சாமி கும்பிட்ட பிறகு பாம்பன், மண்டபம் பக்கம் சாப்பிட்டுக்கொள்ளலாம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வண்டியில் இருக்கட்டும்.

பெட்ரோல், டோல்?

ராமேஸ்வரம் ஊரைத் தாண்டித் தனுஷ்கோடிப் பக்கம் பங்க் கிடையாது. ராமநாதபுரத்திலேயே நிரப்பிவிடுங்கள். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போகவர இரண்டுக்கும் சேர்த்து ஒற்றைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குதான். வழியில் வண்டி நின்றுவிட்டால் நெடுஞ்சாலை உதவி எண் 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

எந்த நாட்களில் போகக் கூடாது?

ஆடி, தை அமாவாசை, மகாளய அமாவாசை. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க மாநிலம் முழுக்க இருந்து வருவார்கள். கொடுக்க வேண்டியவர்கள் முதல் நாளே போய்த் தங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், புயல் எச்சரிக்கை என்றால் தனுஷ்கோடிச் சாலையை மூடிவிடுவார்கள். என்னைக் கேட்டால் தை, மாசியில் ஒரு செவ்வாய் அல்லது புதன். வெயிலும் குறைவு, கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்பதையும் பார்க்கலாம்.

திரும்பும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

டிரைவரின் தூக்கத்தில். நாலு மணிக்கு எழுந்து, 22 கிணற்றுத் தண்ணீரில் குளித்து, மதியம் முழுச் சாப்பாடு சாப்பிட்டவருக்கு மண்டபம் தாண்டியதும் கண் சொக்கும். உச்சிப்புளி வரை சாலை நேராக, காற்று ஜில்லென்று வேறு. இதை யாரும் வீரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளம்பும் முன் இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்க விடுங்கள், முன்சீட்டில் பேச்சுக் கொடுக்கிற ஒருவர் உட்காருங்கள், ராமநாதபுரத்தில் டீக்கு நிறுத்துங்கள். வாடகைக் காராக இருந்தால் நீங்கள் கோயிலுக்குள் இருக்கும் நேரத்தில் டிரைவர் சாப்பிட்டாரா, படுத்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பேட்டா கொடுத்துவிட்டோம் என்பதோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை அது.

வீட்டுக்கு வந்த பிறகு?

மறுநாள் காலையில் முதல் வேலை, வண்டியைக் கழுவுவது. மேலே மட்டும் துடைத்தால் போதாது, அடிப்பக்கத்திலும் சக்கரங்களுக்குள்ளும் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், உப்புக்காற்று பட்ட இரும்பு சீக்கிரம் துரு பிடிக்கும். மிதியடிகளை எடுத்துத் தட்டுங்கள், தனுஷ்கோடி மணல் ஒரு கைப்பிடியாவது விழும். ஈரத்துணிப் பையை டிக்கியில் மறந்துவிடாதீர்கள்.